ஐந்தாவது ஆட்டம் இருக்காது

பள்ளத்துக்குள் நின்றபடி, தலைக்கு மேலே நிறுத்தியிருந்த பஸ்ஸின் பின் அச்சிலிருந்து கிரீஸை வழித்துக்கொண்டிருந்த பெர்த்தோ, விளிம்பில் வந்து நின்ற பூட்ஸைப் பார்த்ததுமே ஆள் ஒசேய்தான் என்று தெரிந்துகொண்டார். அந்தப் பணிமனையில் எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். பூட்ஸைத் துடைத்துவிட்டு வேலைக்கு வருகிறவன் அவன் ஒருத்தன்தான். பூட்ஸ் நகரவில்லை. பெர்த்தோவும் திரும்பவில்லை. புதன்கிழமை, காலை ஒன்பது மணி. ஒசேய் சட்டைப்பையில் வைத்திருக்கும் விடுப்பு மாற்றும் தாளில் அன்று மதியம் மூன்று மணிக்குள் பெர்த்தோ கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு மதிப்பு. பேஸ்பால் ஆட்டம் நான்கு மணிக்கு. சிக்கல் முழுவதும் அந்த ஒரு மணி நேர இடைவெளியில் இருந்தது.

பிராங்க்ஸின் அந்த பஸ் பணிமனையில், வருஷத்துக்கான விடுப்பை ஜனவரியிலேயே எழுதிவிட வேண்டும். மேற்பார்வையாளர் லோரெய்னின் அறைச் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டுவார்கள். யாருக்கு சர்வீஸ் அதிகமோ அவர் முதலில் எழுதுவார்; பிறகு அடுத்தவர்; கடைசியாகச் சேர்ந்தவனுக்கு யாரும் வேண்டாம் என்று விட்ட குளிர்கால வாரம் கிடைக்கும். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் கிடந்த எரிபெர்த்தோ கிலெஸ்தான் இப்போது முதல் பேனா. முதல் பேனா பிடித்தவன் ஜூலையை எடுப்பான், கிறிஸ்துமஸை எடுப்பான். பெர்த்தோ எடுப்பது அக்டோபரின் கடைசி வாரம். பேஸ்பால் இறுதிப் போட்டி அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தொடங்கும். ஏழு ஆட்டம், முதலில் நான்கை ஜெயிப்பவனுக்குக் கோப்பை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஆட்டங்களும், ஜெயித்த அணி நகருக்குள் போகிற ஊர்வலமும் அந்த வாரத்தில் வரும். ஜனவரியில், பனியை மண்வாரியால் தள்ளிக்கொண்டிருக்கிற மாதத்தில், அந்த வருஷத்துக்கு ஒரு பந்துகூட வீசியிருக்காத நேரத்தில், தன் அணி அதுவரைக்கும் போகும் என்று மையால் எழுதிவைக்கிற மனிதர் அவர்.

கடைசியாக அணி கோப்பையை வாங்கியபோது அவர் இதே பள்ளத்தில் இருந்தார். ஊர்வலத்துக்கு லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஜனவரியில் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வாரங்களில் ஒன்றுகூடப் பயன்பட்டதில்லை. அணி அதற்குள் எங்கேயாவது தோற்றிருக்கும். பெர்த்தோ லீவில் வீட்டில் உட்கார்ந்து பொறுக்கமாட்டாமல் சுவருக்கு வண்ணம் அடிப்பார். சமையலறையில் மட்டும் ஏழு பூச்சு ஏறியிருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதுகூட அவர் மனைவி மில்டா, "இந்த வருஷம் என்ன கலர்னு சொல்லிடு, கடையில தள்ளுபடி போட்டிருக்கான்" என்றாள்.

இந்த வருஷம் அணி தொண்ணூற்று நாலு ஆட்டம் ஜெயித்திருந்தது. வேறு ஊர்க்காரன் என்றால் தெருவில் ஆடியிருப்பான். இங்கே, இத்தனை பணம் கொட்டி வாங்கிய ஆட்களை வைத்துக்கொண்டு எப்படி அறுபத்தெட்டு ஆட்டம் தோற்றார்கள் என்று மளிகைக் கடை வாசலில் விசாரணை நடந்தது. இப்போது ஐந்து ஆட்டச் சுற்று. முதல் இரண்டையும் வெளியூரில் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது.

"அண்ணே," என்றான் ஒசேய்.

"நேத்தே பேசி முடிச்சாச்சு."

நேற்று நடந்தது இதுதான். மதிய இடைவேளையில் ஒசேய் வந்து எதிரில் உட்கார்ந்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆன பையன், கானாவிலிருந்து வந்தவன், வேலையில் சுத்தம். அவனுக்கு அக்டோபர் கடைசி வாரம் வேண்டும். பதிலுக்குத் தன்னுடைய டிசம்பர் முதல் வாரத்தைத் தருகிறேன் என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கணக்கைச் சொன்னான். ஐந்து ஆட்டச் சுற்றில் முதல் இரண்டைத் தோற்ற அணிகளில் பத்தில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறதாம். பிழைத்தாலும் இன்னொரு சுற்று இருக்கிறதாம். "அதனால உங்க டீமு முடிஞ்சுது அண்ணே. அந்த வாரம் உங்களுக்குச் சும்மாதான் போகும். எனக்குக் குடுத்தா உபயோகமா இருக்கும்." பெர்த்தோ பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் ரோக்கோ என்று சாயங்காலம் தெரிந்தது. ரோக்கோ டயர்ப் பிரிவு, குவீன்ஸ்காரன். நகரத்தின் இன்னொரு அணிக்கு ரசிகன். பெர்த்தோவுக்கும் அவனுக்கும் இருபத்தைந்து வருஷத்துச் சண்டை. 'கிழவன்கிட்ட அழுதுகிட்டு நிக்காத, நம்பரா பேசு' என்று அவன்தான் அனுப்பியிருக்கிறான்.

இப்போது ஒசேய் பள்ளத்தின் விளிம்பில் குந்தினான். முகம் தெரிந்தது. ராத்திரி தூங்காத முகம்.

"நேத்து நான் தப்பாப் பேசிட்டேன். காரணத்தச் சொல்லலை. எங்கப்பாவோட அடக்கம் அந்த வாரம் முடியற சனிக்கிழமை."

பெர்த்தோ கிரீஸ் கத்தியைக் கீழே வைத்தார். ஒசேயின் அப்பா ஆகஸ்ட்டில் இறந்தது எல்லோருக்கும் தெரியும். உறை ஒன்றில் ஆளுக்கு இருபது டாலர் போட்டுக் கொடுத்தார்கள். "ஆகஸ்ட்லயே போயிட்டாரே."

"எங்க ஊர்ல உடனே எடுக்க மாட்டாங்க. உடம்ப ஐஸ்ல வச்சிட்டு, குடும்பம் கூடி நாள் குறிக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி துணி அடிக்கணும், வெளிநாட்டுல இருக்கறவங்க வரணும். துணி அடிச்சாச்சு. நானூறு பேரு வருவாங்க. மூத்த பையன் நான் தலைமாட்டுல நிக்கணும். சாவுக்குத் தர்ற மூணு நாள் லீவ ஆகஸ்ட்லயே குடுத்துட்டாங்க. அத வச்சு நான் இங்க ரூம்லதான் உக்காந்திருந்தேன்."

"நேத்தே இதச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"அப்பா சாவ வச்சு லீவு கேக்கறது அசிங்கமாப் பட்டுச்சு."

"அதனால என் டீமு சாவ வச்சுக் கேட்டியா?"

ஒசேய்க்குச் சிரிப்பு வந்து அடங்கியது. பெர்த்தோவுக்கு வரவில்லை. நேற்றே அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பார், யோசித்திருக்கவே மாட்டார். இப்போது அந்தத் தாளின் மேல் 'உங்க டீமு முடிஞ்சுது' என்பதும் ஏறி உட்கார்ந்திருந்தது. இனி அதில் பேர் எழுதினால் அந்த வாக்கியத்துக்கும் சேர்த்து எழுதினதாக ஆகும். ரோக்கோ அதைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவான். அதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால், தன் கையால், தோற்றுவிட்டார்கள் என்று எழுதிக்கொடுப்பது. பதினாறு வருஷத்தில் அவர் செய்யாதது அது ஒன்றுதான்.

"சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னிக்கு ஜெயிப்பாங்கன்னு சொல்லு. போட்டுத் தர்றேன்."

ஒசேய் அவரையே பார்த்தான். மேலே யாரோ ஏர் பைப்பைத் திறந்தார்கள். அந்தச் சீறல் ஓய்ந்தது.

"தோத்துடுவாங்க அண்ணே."

"வாய்க்கு ஒரு வார்த்த சொன்னா என்னடா கொறஞ்சு போயிடுவ?"

"பொய் சொல்லி வாங்கின லீவுல போயி எங்கப்பா தலைமாட்டுல நிக்க மாட்டேன். அவரு லாரிப் பட்டறையில நாப்பது வருஷம் இருந்தாரு. ஓடாத வண்டிய ஓடும்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"அப்போ எந்திரிச்சுப் போ. வேலையப் பாரு."

பூட்ஸ் போனது. பெர்த்தோ கத்தியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அச்சை மறுபடி வழித்தார். பையன் மேல் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில், இவன் நல்ல மெக்கானிக்காக வருவான் என்ற எண்ணமும் இருந்தது; அது கோபத்தை இன்னும் கூட்டியது.

மதியம் ரோக்கோ சிக்கினான். கை கழுவும் இடத்தில், பத்துப் பேர் நடுவில்.

"ஏண்டா, சாவு வீட்டுக்காரனுக்கு நம்பர் சொல்லிக் குடுத்து அனுப்பறியே, உனக்கு மூள டயருக்குள்ளயா இருக்கு?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? பெர்த்தோ, நான் எங்க டீமு தோக்கும்னு தெரிஞ்சுதான் டிக்கெட் வாங்கறேன். ஒரு வருஷம் ஜெயிச்சா எனக்கு அது பண்டிகை. உனக்கு? ஜெயிச்சா அவன் கடமையச் செஞ்சான். தோத்தா துரோகி. தொண்ணூத்தி நாலு ஜெயிச்சும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறது இந்த ஊர்லயே நீங்க மட்டும்தான். பேராசடா உங்களுக்கு."

"ஆமா, பேராசதான். வச்சுக்கோ." பெர்த்தோ சோப்பை மேடையில் அறைந்து வைத்தார். "என் வீட்டு லிஃப்டு மார்ச்சுலேர்ந்து ஓடல. ஓடும்னு நான் எதிர்பாத்தேனா? முட்டியில ஆபரேஷனுக்கு ஏழு மாசம் கழிச்சு வான்னான். சரின்னு வந்துட்டேன். என் பையன் போன் பண்ணுவான்னுகூட நான் எதிர்பாக்கறதில்ல. நான் ஒரு நட்ட சரியா முறுக்கலைன்னா, அறுபது பேரோட பஸ்ஸு பாலத்துலேர்ந்து கீழ போகும். அதுக்கு எவனும் 'பாவம், பெர்த்தோவும் மனுஷந்தானே'ன்னு சொல்ல மாட்டான். எங்க டீமுகிட்ட எல்லாம் இருக்கு. பணம், டாக்டரு, தனி விமானம். அவன் ஜெயிக்கணும். எல்லா வருஷமும் ஜெயிக்கணும். அத நான் கேப்பேன். கொஞ்சமாக் கேக்கச் சொல்லி எங்கிட்ட எல்லாரும் சொல்லியாச்சு, நீயுமா சொல்ற?"

"கேளு கேளு," என்றான் ரோக்கோ. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனா ரெண்டு மணி ஆச்சு. அந்தப் பையனுக்கு என்ன பதிலு?"

பெர்த்தோ கையைத் துடைக்காமலே போனார்.

ஒசேய் அதற்குப் பிறகு வரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பஸ்ஸின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. இரண்டரை ஆனது. தாள் அவன் சட்டைப்பையில் நாலாய் மடிந்து துருத்திக்கொண்டிருப்பது பெர்த்தோவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவன் கதவின் கீலைப் பொருத்திவிட்டுத் திறந்து மூடிப் பார்த்தான். எதிலோ திருப்தியில்லாமல் மறுபடி கழற்றினான். இரண்டே முக்காலுக்கு பெர்த்தோ நடந்து போய், அவன் பையிலிருந்து தாளை உருவிக்கொண்டு லோரெய்னின் அறைக்குப் போனார். ஒசேய் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தான்.

லோரெய்ன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வந்துட்டீங்களா ராசா? பத்து நிமிஷத்துல சிஸ்டத்த மூடிடுவேன்." தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவை நீட்டினாள். "இங்க கையெழுத்து. இங்க காரணம். ரெண்டு பேரும் எழுதணும். குடுக்கறவரு எதுக்குக் குடுக்கறாரு, வாங்கறவரு எதுக்கு வாங்கறாரு."

"காரணம் வேற எழுதணுமா?"

"காலியா விட்டா மேல இருக்கறவன் திருப்பி அனுப்புவான். 'சொந்தக் காரணம்'னு எழுதிட்டுப் போ."

பெர்த்தோ பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் கிரீஸ். சொந்தக் காரணம் என்று எழுதினால், அணி முடிந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் அந்தக் கட்டடத்தில் எண்பது பேரும் படிப்பார்கள். லோரெய்ன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒசேய் வாசலில் நின்றான், உள்ளே வராமல்.

பிறகு பெர்த்தோ குனிந்து எழுதத் தொடங்கினார். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து அடங்காமல் ஓரத்துக்கு ஏறியது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். லோரெய்ன் எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

"'இறுதிப் போட்டியில் எங்கள் அணி நான்குக்கு நான்கு ஜெயித்துச் சனிக்கிழமையே கோப்பையை வாங்கிவிடும். ஐந்தாவது ஆட்டம் இருக்காது. எனவே ஞாயிறு தொடங்கும் விடுப்பு எனக்குத் தேவைப்படாது.'"

"பெர்த்தோ," என்றாள் லோரெய்ன் மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல. "அதுக்கு இன்னிக்கு ஜெயிக்கணும்."

"ஆமா."

"நாளைக்கு, நாளன்னிக்கு."

"ஆமா."

"அப்புறம் அடுத்த சுத்து முழுசா. அப்புறம் கடசியில நாலுக்கு நாலு. முந்தாநாள் ஒம்போது இன்னிங்ஸ்ல மூணு தடவதானே பந்து மட்டையில பட்டுச்சு?"

"அது முந்தாநாள். நீ முத்திரையப் போடு."

"ஊர்வலம்? அது அந்த வாரத்துலதான வரும்? அதுக்குத்தான பதினாறு வருஷமா உசுர விடற?"

அதை அவர் யோசிக்காமல் இல்லை. எழுதும்போதே அந்த இடத்தில் பேனா ஒரு நொடி நின்றது. "ஊர்வலத்துக்கு ஜனம் எதுல போகும்? பஸ்லதான? அத எவன் ஓட வைக்கறது?"

"டிசம்பர் முதல் வாரம் வச்சு என்ன பண்ணுவ, குளிர்ல?"

"டிசம்பர்லதான் அடுத்த வருஷத்துக்கு ஆள் வாங்குவாங்க. வீட்ல உக்காந்து கவனிக்க வேண்டிய வாரம். நல்ல பந்துவீச்சாளரா ரெண்டு பேரு வேணும்."

லோரெய்ன் தலையில் அடித்துக்கொண்டு தாளை ஒசேய் பக்கம் நகர்த்தினாள். அவன் வந்து, பெர்த்தோ எழுதியதை ஒருமுறை மனதுக்குள் படித்தான். உதடு அசைந்தது.

"அண்ணே, இது நடக்காது."

"உன்ன யாரு கேட்டா? அது என் கட்டம். உன் கட்டத்துல உன் காரணத்த எழுது. நீ என் பேச்சுல கையெழுத்துப் போடல, நான் உன் பேச்சுல போடல."

ஒசேய் பேனாவை வாங்கினான். பக்கத்துக் கட்டத்தில், அச்சடித்தது போல் நேரான எழுத்தில், 'தந்தையின் நல்லடக்கம்' என்று எழுதினான். இரண்டையும் சேர்த்து லோரெய்ன் முத்திரை குத்தினாள். வெளியே வந்ததும் ஒசேய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெர்த்தோ கையைக் காட்டி நிறுத்தினார். "கதவுக் கீலு மேல் பக்கம் ஒரு நூலு தள்ளி இருக்கு. அதான் உக்கார மாட்டேங்குது. பாத்துட்டுப் போ." ஷிப்ட் முடிந்தது; மைதானத்துக்குப் போக உடுப்பை மாற்றக்கூட நேரமில்லை. ஓடினார்.

மைதானத்தின் மேலடுக்கில், மேலிருந்து மூன்றாவது வரிசை. அவர் போய்ச் சேரும்போது இரண்டு ரன் பின்னால் இருந்தார்கள். நான்காவது இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, ஹால்வர்சன் மட்டையோடு வந்தான். முப்பது கோடி டாலருக்கு வாங்கிய ஆள். மூன்று பந்து, மூன்றுக்கும் மட்டையைக் காற்றில் வீசி அவுட் ஆனான். நாற்பதாயிரம் பேரின் கூச்சல் வயிற்றிலிருந்து கிளம்பியது. பெர்த்தோவின் கூச்சல் அதில் முன்னால் நின்றது. பக்கத்து இருக்கையில் நல்ல கோட்டு போட்டிருந்த ஒருவர், "பாவங்க, மனுஷந்தானே, போன வாரம்கூட ரெண்டு அடிச்சானே" என்றார்.

"போன வாரத்துச் சம்பளத்தப் போன வாரமே வாங்கிட்டான்ல?" என்றார் பெர்த்தோ.

ஆறாவது இன்னிங்ஸ் முடியும்போது ஆறுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோட்டுக்காரர் எழுந்தார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். படிக்கட்டு நிறைந்து கீழே வடிந்தது. "ரயிலு நெரிசலுக்கு முன்னாடி போயிடலாம்" என்று ஒருத்தி தன் புருஷனை இழுத்தாள். பெர்த்தோ நடைபாதையில் காலை நீட்டி மறித்தார். "எங்க போறீங்க? இன்னும் மூணு இன்னிங்ஸு, ஒம்போது அவுட்டு இருக்கு. ஒம்போது! உக்காருங்க!" ஆட்கள் அவர் காலைத் தாண்டிப் போனார்கள். உடுப்பில் இருந்த கிரீஸ் பட்டுவிடுமோ என்று கொஞ்சம் ஒதுங்கியும் போனார்கள். "உங்களுக்கெல்லாம் ஜெயிச்சா மட்டும் ஊர்வலத்துல முன்னாடி நிக்கணும், இல்ல?" யாரும் திரும்பவில்லை.

ஏழாவதின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சாரலாக இல்லை, கொட்டியது. நடுவர் கையை ஆட்டினார், ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். மிச்சமிருந்த கூட்டம் கூரைக்கு அடியில் ஒதுங்கியது. ஆட்டம் தொடருமா, நாளைக்குத் தள்ளிப் போகுமா என்று பலகையில் எதுவும் போடவில்லை. பெர்த்தோ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அந்த அடுக்கில் இப்போது அவர் ஒருத்தர்தான். தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. தொலைவில், மேலே போகிற ரயில் தடத்தில் ஒரு வண்டி விளக்குகளோடு போனது, நிறைய தலைகளோடு.

கீழே மைதானப் பணியாளர்கள் இருபது பேர் ஓடி வந்தார்கள். பெரிய உருளையிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மண் மேல் ஓடினார்கள். காற்று பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. ஒருவன் அதில் சறுக்கி விழுந்து, பாய்க்கு அடியில் போய், மறுபக்கமாகக் கையூன்றி வெளியே வந்தான். மற்றவர்கள் நிற்கவில்லை. மூன்றாம் தளத்துப் பக்கம் ஒரு முழம் மண் மூடாமல் விட்டிருந்தது. அங்கே தண்ணீர் தேங்க ஆரம்பித்தது; மண் ஊறிவிட்டால் மழை விட்டாலும் ஆட்டம் தொடராது. மேலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

பெர்த்தோ எழுந்து, முட்டி வலிக்க இரண்டு வரிசை இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"டேய்! இடது பக்கம்! இடது பக்கம் இழுடா! அங்க மண்ணு தெரியுது!"

மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்க வழியில்லை. மறுபடி கத்தினார். மறுபடி. விழுந்து எழுந்தவன், உடம்பெல்லாம் சேறாக, நின்று மேலே பார்த்தான். காலியான அடுக்கில் ஒற்றை ஆள் கையை இடது பக்கமாக வீசிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தான்.